பொன்மலைக்காரர்களுக்கு ஒரு நன்றி மடல்

பொன்மலை அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

போன செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளன்று, ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லி, கடைசியில் பொன்னாடையும் போர்த்திவிட்டார்கள். இத்தோடு ஐந்து பொன்னாடை சேர்ந்துவிட்டது. அன்றைக்கு நான் பேசியதில் என் சரக்கு என்று பார்த்தால் நடுவில் வந்த அழுகை மட்டும்தான் தேறும். மீதியெல்லாம் உங்களிடம் படித்தது. மறதி நோயோடு இருந்த எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைதிவசமும் முடிந்துவிட்டது. இன்னும் எழுதாமல் இருந்தால் அது கடன்.

அந்த இளம் டாக்டரம்மாவுக்கு முதல் கும்பிடு. உங்களிடம் வருவதற்கு முன் ஒன்றரை வருடம், போன இடமெல்லாம் "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நீங்கள்தான் பி12, தைராய்டு இரண்டையும் முதலில் பார்த்துவிடுவோம், அதில் குறை என்றால் சரிசெய்துவிடலாம் என்றீர்கள். இரண்டிலும் குறையில்லை. அப்புறம் ஒரு தாளை நீட்டி, கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னீர்கள். 35 வருடம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குக்கு எழுந்தவர், ஊட்டி மலை ரயிலின் நீராவி இன்ஜினைப் பிரித்து மாட்டிய கை. பன்னிரண்டு எண்ணையும் ஒரே பக்கம் நெருக்கி எழுதிவிட்டு, முள்ளை எங்கே வைப்பது என்று என் முகத்தைப் பார்த்தார். நோயின் பெயரைச் சொன்ன கையோடு, "நீங்க ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறீங்கம்மா?" என்று கேட்டு, அதையும் அவர் சீட்டிலேயே எழுதிக்கொண்டீர்கள்.

ஆர்மரி கேட் காவலர் தம்பி, உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். விடியற்காலையில் காலி டிபன் கேரியரோடு அவர் கிளம்பிப் போன அன்று, தெருத் தெருவாகத் தேடி வந்தால், உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க" என்று வீட்டில் நான் தினமும் சொல்வேன், தினமும் சண்டை வரும். நீங்கள், "அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு ரெஸ்ட். நாளைக்கு வாங்க" என்றீர்கள். "அப்படியா" என்று எழுந்து என் பின்னாலேயே வந்துவிட்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் கூட்டத்தில் யாராவது ஒருவர், பொய் சொல்லலாமா என்பார். அவருடைய காலண்டரில் அது பொய்யே இல்லையே என்பேன்.

பகலில் வந்து பார்த்துக்கொண்ட தங்கச்சிக்கும் அதே சாமர்த்தியம். குளிக்க மாட்டேன் என்று முரண்டு பிடிப்பவரிடம் "சங்கு ஊதப் போகுதுப்பா" என்பாள். துண்டை எடுத்துக்கொண்டு அவரே போவார். ஆனால் அவளுக்கு நான் பட்ட கடன் வேறு. ஒரு வாரத்தில் திடீரென்று ஆளே மாறிப்போனார். இல்லாத ஆட்களோடு பேச்சு, கை ஓங்கல், ராத்திரி முழுக்கச் சத்தம். நோய் முற்றிவிட்டது என்று நான் உடைந்துபோனேன். பேய் ஓட்டச் சொன்ன உறவுக்காரர்களும் உண்டு, அவர்களை விடுங்கள். அவள்தான் "யூரின் நிறம் சரியில்லக்கா, டெஸ்ட் எடுத்துடுவோம்" என்றாள். சிறுநீர்த் தொற்று. காய்ச்சல்கூட இல்லை. மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் பழைய மனிதர் திரும்பி வந்தார். பழைய மறதிக்காரர்தான், ஆனால் கை ஓங்காதவர். நல்லபடி இருந்தவர் நாலு நாளில் தலைகீழாக மாறினால் நோய் முற்றியது என்று நினைக்காதீர்கள், உடனே டாக்டரிடம் காட்டுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறேன். அதைக் கேட்டுவிட்டு ஓர் அம்மா மறுநாளே அவர் மாமியாரை அழைத்துப் போனார். அங்கேயும் தொற்றுதான். தங்கச்சி, அந்தப் புண்ணியம் உன்னுடையது.

நவம்பர் லைஃப் சர்டிபிகேட்டுக்கு வீடு தேடி வந்த தபால்கார அண்ணனை மறப்பேனா? ரேகை பதியவில்லை. முகத்தைக் காட்டலாம் என்றீர்கள். செல்போன் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது, இவரோ முறைத்துக்கொண்டே இருக்கிறார். நாற்பது நிமிடம் நீங்கள் சலிக்கவே இல்லை. கடைசியில், தூசி விழுந்தால் ஊதுவதுபோல நான் அவர் கண்ணில் ஊதினேன். சிமிட்டினார். பென்ஷன் நிற்கவில்லை.

சட்டைக் காலருக்குள் என் போன் நம்பரைத் தைத்துக் கொடுத்த டெய்லர், மூன்று தடவை சந்தையிலிருந்து ஏற்றி வந்தும் காசு வாங்காத ஆட்டோத் தம்பி, கதவு தட்டும் சத்தத்துக்கு ஒரு நாளும் முகம் சுளிக்காத எதிர்வீடு, எல்லோருக்கும் நன்றி.

2023இல் வந்த ஆய்வுக் கணக்கின்படி நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். இந்த எண்ணைச் சொன்னால் கூட்டம் கொட்டாவி விடுகிறது. உங்கள் கதையைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறது, மூத்தோர் உதவி எண் 14567ஐ அப்போதுதான் குறித்துக்கொள்கிறது. அதனால் உங்களைக் கேட்காமலே உங்கள் கதையைச் சொல்லித் திரிகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட் தம்பி, இன்னொன்று. உங்கள் பிளாஸ்க் மூடி எங்கள் வீட்டில் இருக்கிறது. அன்றைக்கு டீ குடித்த கையோடு டிபன் கேரியருக்குள் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். கேட்டால் "ஒர்க்‌ஷாப் சாமான், பத்திரம்" என்பார். கழுவி வைத்திருக்கிறேன், எப்போது டூட்டி என்று சொல்லுங்கள்.