மான்கறி என்றால் போதாது, எந்தப் பாகம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் சமையல் பக்கத்தில் வந்த மான்கறி சாண்ட்விச் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 'அரை கிலோ மான்கறி, நன்றாக வேகவைக்கவும்' என்று போட்டிருக்கிறீர்கள், அது தோள்பட்டையா முதுகா என்று ஒரு வார்த்தை இல்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது.

மான்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, அதனால் மற்றக் கறி மாதிரி கொஞ்சம் கூடுதலாக வெந்தால் பரவாயில்லை என்று விட முடியாது. முதுகெலும்பை ஒட்டிய மெத்தென்ற கறியை நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் முழுசாகப் போட்டு எல்லாப் பக்கமும் சிவக்கவிட்டு, நடுவில் 60 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கி, பத்து நிமிடம் தொடாமல் வைத்தால் மிச்சச் சூட்டிலேயே இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறிவிடும். இதைப் போய் ஒரு மணி நேரம் வேகவைத்தால் நார் நாராகக் காய்ந்து, பிரெட்டுக்குள் வைத்துக் கடித்தால் மொத்தமாக உருவிக்கொண்டு வரும்.

தோள்பட்டையும் கால்கறியும் நேர் எதிர். மூன்று நான்கு மணி நேரம் சிறுதீயில், மூடி போட்டு, வெங்காயம், மிளகு, கொஞ்சம் வினிகர் சேர்த்து விட வேண்டும். விறைப்பான இணைப்புத் திசு அவ்வளவு நேரம் கழித்துத்தான் கரைந்து பிசுபிசுப்பான சாறாகும். முள்கரண்டியால் தொட்டாலே பிரியும்போது உதிர்த்து, அந்தச் சாற்றிலேயே ஊறவிடுங்கள். சாற்றைக் கொட்டிவிட்டால் கறி வெறும் சக்கை. அப்புறம் பிரெட்டை வெண்ணெயில் வாட்டிக்கொண்டால் ஊறிப் பிய்ந்து போகாது, வயிறு நிறைகிற சாண்ட்விச் இதில்தான் கிடைக்கும்.

இன்னொன்று, கறிமேல் வெள்ளி மாதிரி மின்னும் சவ்வையும் வெள்ளைக் கொழுப்பையும் கத்தியால் வழித்து எடுத்துவிட வேண்டும். மான் கொழுப்பு ஆறியதும் மெழுகு போல மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், பலர் முகம் சுளிக்கிற அந்த வாடையிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. முதுகுக்கறியை நாருக்குக் குறுக்கே, மெல்லிசாக நறுக்குங்கள். கொத்துக்கறி என்றால் மட்டும் உள்ளே சிவப்பு தெரியக் கூடாது, 71 டிகிரி கட்டாயம்.

சட்டப்படி கிடைக்கிற இடங்களில்கூட இது தினமும் வாங்குகிற கறி இல்லை. ஆசையாக வாங்கி வந்து வீணாக்குபவர்களைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. தயவுசெய்து அடுத்த வாரமே அந்தக் குறிப்பை, பாகத்தின் பெயரோடு, திருத்திப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சமையல் பக்கத்தை விடாமல் படிக்கும் வாசகி