இனாரியிலிருந்து அம்மா

அன்புள்ள கயல்,

ராத்திரியே இல்லாத ஊரில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டிருந்தாய். உங்கப்பா தூங்குகிறார், என் கறுப்புத் துப்பட்டாவைக் கண்ணில் கட்டிக்கொண்டு, குறட்டையோடு. எனக்குத்தான் படுக்கப் பிடிக்கவில்லை.

இனாரி பின்லாந்தின் வடக்குக் கோடியில் இருக்கிறது. மே மாதம் இருபது தேதிக்கு மேல் ஆரம்பித்து ஜூலை இருபது வரைக்கும் இங்கே சூரியன் மறைவதே இல்லை. ராத்திரி ஒன்றேகால் மணி வாக்கில் நேர் வடக்கே, ஏரிக்கு மேல் ஒரு விரற்கடை உயரத்துக்கு இறங்கி வருகிறது. அவ்வளவுதான், அப்படியே கிழக்குப் பக்கமாய் நகர்ந்து மறுபடி ஏற ஆரம்பித்துவிடுகிறது.

இன்று, யுஹான்னுஸ் என்கிற நடுக்கோடைப் பண்டிகைக்கு முந்தின நாள். முன்பெல்லாம் யோவான் திருநாளான ஜூன் 24-ல் கொண்டாடினார்களாம். 1955-லிருந்து ஜூன் 20-க்கும் 26-க்கும் நடுவே வருகிற சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். பண்டிகைக்கென்று நேற்றே பால், ரொட்டி வாங்கி வைத்துவிட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏற்றிய கொடியை நாளை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் இறக்குவார்களாம். பக்கத்து வீட்டுப் பாட்டி என்னைச் சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக்கு இழுத்துப்போய், பிர்ச் மரத்தின் இளங்கொத்தால் முதுகில் விளாசினாள், வேப்பிலை அடிக்கிற மாதிரி. நல்ல வாசனை. அப்புறம் ஏரியில் குதி என்றாள். பனிக்கட்டி உருகிச் சில வாரம்தான் ஆன தண்ணீர்! முழங்காலோடு திரும்பிவிட்டேன். பிறகு கரையில் தீ மூட்டினார்கள். காட்டுத்தீ எச்சரிக்கை இருந்தால் அதற்கும் தடைதானாம். அந்த வெளிச்சத்தில் தீ வெளிறிப்போய், புகைதான் கண்ணுக்குத் தெரிந்தது.

உனக்குச் சொல்ல வேண்டியது ஆர்க்டிக் ஆலா என்கிற பறவையைப் பற்றி. கறுப்புத் தொப்பி, ரத்தச் சிவப்பில் அலகு, நூறு கிராம்கூடத் தேறுமோ என்னவோ. தென் துருவப் பக்கத்துக் கடலிலிருந்து வருஷா வருஷம் இங்கே வந்து, கூடென்று ஒன்றும் பெரிதாகக் கட்டாமல் கூழாங்கல் நடுவிலேயே முட்டையிடுகிறது. நான் கொஞ்சம் கிட்டப் போனதும் ‘க்ரீ’ என்று கத்திக்கொண்டு மண்டைக்கு நேராகப் பாய்ந்தது. இங்கே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: தலைக்கு மேல் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எது உயரமோ அதைத்தான் அது கொத்தும். அப்படியே குச்சியைத் தூக்கிக்கொண்டு நான் பின்வாங்கியதை உங்கப்பா வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். கேட்டால் அனுப்புவார், கேட்காதே.

இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே, கோடை முடிவதற்குள் எல்லாம் நடந்துவிட வேண்டும் என்கிற இந்த அவசரம்தான். சேற்று நிலத்தில் ஹில்லா என்கிற கிளவுட்பெரிப் பழச்செடி பூத்திருக்கிறது. கணுக்கால் உயரச் செடி, ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வெள்ளைப் பூ, பழமும் ஒன்றுதான். பூத்திருக்கும்போது உறைபனி விழுந்தால் அந்த வருஷம் பழம் போச்சு. அதனால் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரெயின்டீர் குட்டிகள் பிறந்து சில வாரம்தான் ஆகிறது, அதற்குள் தாய்க்குச் சமமாய் ஓடுகின்றன. அவை காட்டு மான் இல்லை, தெரியுமா? ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, காதில் வெட்டுக்குறி இருக்கும். கொசுத் தொல்லை தாங்காமல் காற்றடிக்கிற இடம் பார்த்து நடு ரோட்டில் வந்து நிற்கின்றன. கார்க்காரர்கள்தான் பொறுமையாய்க் காத்திருக்கிறார்கள்.

கொசு என்றதும் நினைவு வருகிறது. லாப்லாந்து என்கிற இந்த வடக்குப் பகுதியின் படம் எதிலும் கொசுவைக் காட்டுவதில்லை, அது பெரிய மோசடி. நம்மூர்க் கொசு ராத்திரிக்காகக் காத்திருக்கும், இதற்கு அந்தக் கவலையே இல்லை. தலையில் கொசுவலை போட்டுக்கொண்டு அதற்குள்ளேயே காபி குடிக்கப் பழகிவிட்டேன்.

உனக்கு லீவு கிடைத்தால் ஜூலை கடைசியில் வா, ஹில்லா பழுத்திருக்கும். இங்கே யார் வேண்டுமானாலும் காட்டில் நடக்கலாம், பழம் பறிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது. கொசு வேண்டாமென்றால் செப்டம்பரில் வா. இலையெல்லாம் சிவந்திருக்கும், ஆனால் பழமும் இருக்காது, ஆலாவும் கிளம்பியிருக்கும். எதுவென்று சீக்கிரம் சொல்லு. உங்கப்பா இப்போதே டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா