ஒரே பந்தியில் உட்கார்ந்த உங்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகளுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாக்களுக்கும்,

ஜூலைக் கடைசி வாரம் எங்கள் பிரெஸ்பிட்டேரியன் கிறிஸ்தவ சபையின் கீழ்த்தளக் கூடத்தில் வந்து சமைத்தவர்கள், பிள்ளைகளோடு விளையாடியவர்கள், ராத்தூக்கம் கெட்டுக் காவல் இருந்தவர்கள், காரில் ஃபேன் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், எல்லாருக்கும் இந்த மடல். அன்றன்றைக்கு வாசலில் நின்று "ரொம்ப நன்றி" என்று சொல்லி அனுப்பினேன். அது எனக்கே போதவில்லை. அது என்ன சபை, அங்கே என்ன நடக்கிறது என்று முழுசாகத் தெரியாமலேயே உங்களில் பாதிப் பேர் வந்தீர்கள். அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் "செவ்வாய்க்கிழமை 25 பேருக்குச் சாப்பாடு வேண்டும்" என்று நான் போட்ட ஒரு வரிதான். பத்து நிமிடத்தில் சோறு, குழம்பு, கூட்டு, அப்பளம் என்று பங்கு பிரித்துவிட்டீர்கள். அதனால் நன்றியோடு சேர்த்து, நீங்கள் எதில் கை கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் வீடில்லாத 4 குடும்பங்கள் எங்கள் கட்டடத்தில் தங்கின. மொத்தம் 14 பேர், அதில் 9 பேர் பிள்ளைகள். ஞாயிறு பள்ளி நடக்கும் அறைகளில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, குடும்பத்துக்கு ஓர் அறையாகக் கட்டில் போட்டோம். பெரியவர்கள் காலையில் வேலைக்கோ, வேலை தேடவோ போவார்கள். மாலை ஐந்தரைக்கு வேனில் திரும்பி வருவார்கள். ஏழு ராத்திரி முடிந்ததும் கட்டில்களோடு அடுத்த இடத்துக்குப் போவார்கள். எங்களுக்கு அடுத்த வாரம் ஒரு யூத ஆலயம் ஏற்றது, அதற்கடுத்து ஒரு கத்தோலிக்க ஆலயம்.

இந்த முறை பிறந்ததே நம் நியூ ஜெர்சியில்தான். சம்மிட் ஊரைச் சேர்ந்த கேரன் ஓல்சன் என்ற பெண்மணி, நியூயார்க்கில் தான் போகும் வழியில் பார்த்த வீடற்ற ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் சாண்ட்விச் வாங்கிக் கொடுத்து, நின்று பேசினார். அதிலிருந்து தொடங்கியது. தன் சொந்த வட்டாரத்திலேயே குடும்பம் குடும்பமாக வீடில்லாமல் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் அவருக்குத் தெரியவந்தது. விடுதி கட்டப் பணம் இல்லை. ஆனால் ஊரெல்லாம் ஆலயங்கள் இருக்கின்றன, ராத்திரியில் அவற்றின் அறைகள் பூட்டித்தானே கிடக்கின்றன? 1986-இல் அந்த அறைகளைத் திறந்தார்கள். இன்று ஃபேமிலி பிராமிஸ் என்ற பெயரில் நாடு முழுக்கப் பரவியிருக்கும் அமைப்பின் தொடக்கம் அது. அவர்கள் காட்டிய வழியில்தான் எங்கள் பகுதி ஆலயங்களும் முறை வைத்து இதைச் செய்கின்றன. தங்க வருகிறவர்களை "விருந்தினர்" என்றுதான் அழைப்போம். அவர்கள் யார், எப்படி இந்த நிலைக்கு வந்தார்கள் என்று வெளியே சொல்வதில்லை என்பது நாங்கள் கொடுத்த வாக்கு. அதனால் அவர்கள் கதை எதையும் இங்கே எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை ராத்திரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் மறக்கவே மாட்டாத ராத்திரி அது. எலுமிச்சை சாதம், காரம் குறைத்த காய்கறிக் குருமா, பருப்பு, அப்பளம் எல்லாம் வந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குக் கொட்டை வகை ஒத்துக்காது என்று சொன்னதால் குருமாவில் முந்திரி சேர்க்காமல் தேங்காய் மட்டும் அரைத்துவிட்டிருந்தீர்கள். சாதத்தில் வேர்க்கடலையும் போடவில்லை. விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். நீங்கள் நான்கு பேர் கரண்டியோடு அவர்கள் பின்னால் நின்றீர்கள். வந்தவர்கள் வயிறார உண்டு எழுந்த பிறகுதான் வீட்டுக்காரர் உட்கார வேண்டும், அதுதானே நமக்குத் தெரிந்த மரியாதை. என் அம்மாவும் அப்படித்தான் நின்றார்கள்.

எங்கள் சபையிலோ இதற்கு நேர்மாறான வழக்கம். சமைத்தவர் தட்டை எடுத்துக்கொண்டு விருந்தினர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதை உங்களிடம் முன்கூட்டியே சொல்ல மறந்துவிட்டேன். அவர்களில் ஒரு தாய் திரும்பிப் பார்த்து, "நீங்கள் ஏன் எங்களோடு சாப்பிடவில்லை?" என்று கேட்டார். குரலில் ஒரு சின்ன வருத்தம் இருந்தது. எத்தனையோ இடங்களில் வரிசையில் நின்று, கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் போட்டதை வாங்கித் தின்றவர் அவர். பின்னால் நின்று பரிமாறுவது நமக்கு மரியாதையாக இருந்தது, அவருக்கு அது இன்னொரு கவுண்ட்டராகத் தெரிந்திருக்கிறது. நான் விளக்க வாயெடுப்பதற்குள், தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் அக்கா கரண்டியை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற மூன்று பேரும் உட்கார்ந்தீர்கள். முதலில் தீர்ந்தது அப்பளம். அந்த மேசையில் பேச்சு ஓய ஒன்பது மணி ஆனது. அக்கா, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டதற்கு உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

புதன்கிழமை ஏசி நின்றுவிட்டது. வெளியே 35 டிகிரி. கட்டடம் பழையது, மெக்கானிக் வெள்ளிக்கிழமைதான் வர முடியும் என்றார். ஒரு மணி நேரத்தில் ஐந்து ஃபேன்களும், உருட்டிக்கொண்டு போகிற சின்ன ஏசி ஒன்றும் வந்து சேர்ந்தன. எல்லாவற்றையும் போட்டதும் மின்சாரம் போய்விட்டது. கோயம்புத்தூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்து இப்போது மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பா, ராத்திரி பத்து மணி வரை டார்ச்சை வைத்துக்கொண்டு, எந்தப் பிளக் எந்தச் சுற்றில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டினார். எந்த ஃபேனை எங்கே போடலாம் என்று காகிதத்தில் படமும் வரைந்து கொடுத்தார். பிள்ளைகள் தூங்கினார்கள். அப்பா, அந்த எண்கள் இன்னும் சுவரில் இருக்கின்றன. கட்டடத்தைப் பராமரிக்கும் குழு அவற்றை எடுக்க வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறது.

காரைக்குடியிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. மூன்று மாலையும் ஒன்பது மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். குழந்தையின் தாய் மூன்று மாலையும் நிம்மதியாகச் சாப்பிட்டு, குளித்து, அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்தார். அதிகாலை நாலு மணி ஷிப்டுக்குப் போகிற ஒருவருக்காக மூன்றரைக்கு எழுந்து சாண்ட்விச் கட்டிக் கொடுத்த கல்லூரித் தம்பிகள் இருவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை பிரியாணி கொடுத்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் நன்றி, பள்ளிவாசல் போய்விட்டு நேராக அண்டாவோடு வந்தீர்கள். துணி துவைத்துக் கொடுத்தவர்கள், டயப்பர் வாங்கிப் போட்டுவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்கள், உங்களையும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, உங்களில் சிலர் தயங்கித் தயங்கிக் கேட்ட இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது, மதம் மாற்றுவார்களா என்பது. கேட்டதில் தப்பே இல்லை. அந்த வாரத்தில் விருந்தினரிடமோ உதவ வந்தவர்களிடமோ யாரும் ஜெபிக்கச் சொல்லக்கூடாது, துண்டுப் பிரசுரம் கொடுக்கக்கூடாது என்பது எழுதி வைத்த விதி. சாப்பாட்டுக்கு முன் ஒரு நிமிடம் அமைதியாக இருப்போம், அவரவர் நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் நெற்றியில் திருநீறோடு வந்ததைப் பார்த்து எங்கள் ஆயர் அம்மா சந்தோஷப்பட்டார்கள்.

இரண்டாவது, ஒரே பாலினத்தவரையும் வரவேற்கிறோம் என்பதற்கு அடையாளமாக வாசலில் தொங்கும் வானவில் கொடி. ஒரு தம்பி தனியாக வந்து, "அக்கா, சர்ச்சில் இது எப்படி?" என்று கேட்டார். அவசரத்தில் அரைகுறையாகச் சொன்னேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன். பிரெஸ்பிட்டேரியன் என்றால் மூப்பர்களால் நடத்தப்படும் சபை. அந்தக் கிரேக்கச் சொல்லுக்கே மூப்பர் என்றுதான் அர்த்தம். எங்களுக்குப் பேராயர் கிடையாது. சபையார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மூப்பர்களும் ஆயரும் உட்கார்ந்து பேசித்தான் எதையும் முடிவு செய்வார்கள். அமெரிக்காவில் இந்தப் பெயரில் பல திருச்சபைகள் உண்டு, பெண்களை ஆயராக ஏற்காதவையும் அதில் உண்டு. நாங்கள் சேர்ந்திருக்கும் பிரெஸ்பிட்டேரியன் சர்ச் யு.எஸ்.ஏ.-வின் முன்னோடிச் சபையில் பெண்கள் 1930-இல் மூப்பரானார்கள், 1956-இல் ஆயரானார்கள். ஒரே பாலினத்தவர் திருமணத்தை 2014-இல் பொதுப் பேரவை ஏற்றது. பிறகு 171 வட்டார மன்றங்களுக்கு ஓட்டுக்கு அனுப்பி, பெரும்பான்மை ஏற்றபின் 2015-இல் நடைமுறைக்கு வந்தது. எந்த ஆயரையும் எந்தச் சபையையும் அப்படித் திருமணம் நடத்தச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை. எங்கள் சபை நடத்துகிறது.

நான் சென்னையில் சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவள். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவானபோது அதில் கலந்த ஆறுகளில் பிரெஸ்பிட்டேரியனும் ஒன்று. எழும்பூரில் 1821-இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் கட்டிய கர்க் ஆலயத்தைத் தாண்டித்தான் நான் கல்லூரிக்குப் போவேன். ஆனாலும் இந்தக் கொடியை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாயிற்று. என் மகளுக்கு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த இரண்டு ஆண்கள் தம்பதி. அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் முறை வைத்து எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அவர்களை மனதில் எந்த இடத்தில் வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் என் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் எனக்கு வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி வரப்போகிற நாட்களைப் பற்றி. அக்டோபர் முதல் ஞாயிறு உலகத் திருவிருந்து ஞாயிறு. திருவிருந்து என்றால் இயேசுவின் நினைவாகச் சபையார் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வது. 1933-இல் பிட்ஸ்பர்க்கில் உள்ள ஷேடிசைட் பிரெஸ்பிட்டேரியன் சபையில் தொடங்கிய வழக்கம் இது. அன்று எங்கள் சபையில் அவரவர் ஊர் ரொட்டியைக் கொண்டுவந்து ஒரே மேசையில் வைப்போம். மெக்சிகோவின் தோர்த்தியா, எத்தியோப்பியாவின் இஞ்சேரா எல்லாம் இருக்கும். இந்தத் தடவை ஆப்பம் வைக்க ஆசைப்படுகிறேன், மாவு புளிக்கவைப்பதில் கைதேர்ந்தவர்கள் சொல்லுங்கள். ஆராதனைக்கு வர வேண்டும் என்றில்லை, பதினொன்றரைக்குப் பிறகு கூடத்தில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

அன்று காலை பெல்ஹார் அறிக்கையிலிருந்து வாசிப்போம். அதை உங்களுக்குச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் 1857-இல் ஒரு திருச்சபை மன்றம், சில வெள்ளையரின் "பலவீனத்தை" முன்னிட்டு, வெள்ளையரல்லாதவர்களுக்குத் தனி ஆராதனை வைத்துக்கொள்ள அனுமதித்தது. திருவிருந்துப் பந்தியில் தொடங்கிய அந்தப் பிரிவினை பிறகு சபைகளையே நிறவாரியாக உடைத்தது. அது பாவம் என்று அப்படிப் பிரிக்கப்பட்ட கலப்பினச் சபையார் எழுதி 1986-இல் ஏற்ற அறிக்கைதான் பெல்ஹார். எங்கள் திருச்சபை 2016-இல் அதைத் தன் விசுவாச அறிக்கைகளோடு சேர்த்தது. நம் ஊரில் ஒரே ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம் உட்கார்ந்ததையும், கல்லறைத் தோட்டத்தில் நடுவே சுவர் எழுப்பியதையும் அறிந்தவள் நான். அதை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். சமபந்தி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு எவ்வளவு விலை கொடுத்தார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அதே மாதம் பசிக்கான நடைப்பயணம் உண்டு. சர்ச் வேர்ல்ட் சர்வீஸ் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்பு நடத்துவது. திரட்டும் பணத்தில் கால்வாசி உள்ளூர் உணவு வங்கிகளுக்கே வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தள்ளுவண்டி போகிற பாதைதான். நவம்பரில் குளிர்கோட்டு சேகரிப்பு. பெரியவர் அளவில் எப்போதும் நிறைய வரும், பத்து முதல் பதினாலு வயதுப் பையன்களுக்குத்தான் கிடைப்பதில்லை. டிசம்பர் 21 இரவு, வருஷத்தின் நீண்ட இரவில், அந்த ஆண்டு யாரையாவது இழந்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றி அமைதியாக உட்கார்ந்திருப்போம். பாட்டு கொஞ்சம்தான், பிரசங்கம் கிடையாது. ஊரில் நடந்த சாவுக்கு டிக்கெட் கிடைக்காமல் போக முடியாதவர்கள் நம்மில் எத்தனை பேர். அவர்களுக்கும் இடம் உண்டு. பிப்ரவரியில் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி நடக்கும் சூப்பர் பவுல் ஞாயிறன்று எங்கள் இளைஞர்கள் வாசலில் சூப் பாத்திரத்தோடு நிற்பார்கள், ஆளுக்கு ஒரு டாலர் போடலாம். 1990-இல் தென் கரோலினாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் இளைஞர் குழு தொடங்கியது இது.

எல்லாவற்றையும்விட முக்கியம், கிறிஸ்துமஸ் வாரம் மறுபடியும் எங்கள் முறை வருகிறது. எங்கள் சபையார் பலர் அப்போது வெளியூர் போய்விடுவார்கள். ராத்திரி தங்க இரண்டு இரண்டு பேராக ஏழு நாளைக்கு ஆள் வேண்டும். டிசம்பர் 24, 25 இரண்டு ராத்திரிக்கும் யாருமே பெயர் கொடுக்காமல் இருந்தது. போன வாரம் பிரியாணி அண்ணன் போன் பண்ணி, "அன்றைக்கு எங்களுக்கு லீவுதானே, அந்த இரண்டையும் எங்கள் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். எழுதிவிட்டேன். இன்னும் ஐந்து ராத்திரி இருக்கின்றன.

ஜூலையில் தங்கியவர்களில் ஒரு குடும்பத்துக்கு வாடகை வீடு கிடைத்துவிட்டது. அட்வான்ஸ் பணத்தில் ஒரு பகுதியைச் சபையின் உதவிப் பணிகளைக் கவனிக்கும் எங்கள் டீக்கன்கள் கொடுத்தார்கள். அவர்கள் உங்களுக்குச் சொல்லச் சொன்ன ஒன்று மட்டும் என்னிடம் இருக்கிறது: அந்த மஞ்சள் சாதத்தை எப்படிச் செய்வது என்று எழுதித் தர வேண்டுமாம். தமிழ்ப் பள்ளி அக்கா, நீங்கள் எழுதுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

அப்புறம், ஒரு பெரிய அண்டா, இரண்டு ஹாட் பாக்ஸ், பச்சை மூடி போட்ட டப்பா ஒன்று, ஒரு ஃபேன் இன்னும் எங்கள் சமையலறையில் இருக்கின்றன. ஃபேனில் பெயர் இல்லை. ஞாயிறு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை கதவு திறந்திருக்கும். காரைக்குடி அம்மா ஊருக்குப் போவதற்கு முன் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் குழந்தை இப்போது எழுந்து நிற்கிறான், அந்தப் படத்தை அம்மாவிடம் காட்ட வேண்டும்.

அன்புடன்,
கீழ்த்தளச் சமையலறைப் பொறுப்பில் இருக்கும் உங்கள் சகோதரி