விளம்பரத்தில் இடம்பெறாத பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறிகுறி எதுவும் தோன்றுவதற்கு முன்பே எல்லோரும் ஆண்டுதோறும் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டுரை ஒன்றைச் சென்ற வாரம் தங்கள் மகளிர் இணைப்பில் படித்தேன். அதே பக்கத்தின் கீழ்ப்பாதியில், 'முழு உடல் புற்றுநோய்ப் பரிசோதனை, பண்டிகைக்காலச் சலுகை' என்ற விளம்பரமும் இருந்தது. திண்டுக்கல் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கட்டுரையின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால், 'புற்றுநோய்ப் பரிசோதனை' என்ற ஒரே பெயரில் அது சேர்த்துச் சொன்னவற்றுள் சில உயிரைக் காப்பவை, சில பணத்தையும் தூக்கத்தையும் மட்டுமே கொண்டுபோகிறவை என்ற வேறுபாட்டை அது எங்குமே சொல்லவில்லை.

என் தங்கையின் மருமகளுக்கு வயது 38. சென்ற ஆண்டு அலுவலகத் தோழிகளுடன் சேர்ந்து இப்படியொரு பேக்கேஜுக்கு ரத்தம் கொடுத்தாள். சினைப்பைப் புற்றுநோயின் அடையாளமாக ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 125 என்ற டியூமர் மார்க்கர் 35-க்குள் இருக்க வேண்டும், அவளுக்கு 71. தடித்த எழுத்தில் அச்சான அந்த எண்ணைப் படமெடுத்து இரவு பத்தரை மணிக்கு எனக்கு அனுப்பி, "பெரியம்மா, இது அதுதானா?" என்று கேட்டாள். அந்தச் சொல்லை வாயால் சொல்லக்கூட அவளால் முடியவில்லை. அதன்பின் ஆறு வாரங்கள், இரண்டு ஸ்கேன், ஒரு எம்.ஆர்.ஐ., விடுப்பெடுத்து அலைந்த நாட்கள் என்று போய், கடைசியில் அது எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும், புற்றுநோயல்லாத கோளாறு என்று தெரிந்தது. மாதவிலக்கு நாட்களிலும், கர்ப்ப காலத்திலும், நார்த்திசுக் கட்டி இருந்தாலும் இந்த அளவு உயரக்கூடும் என்பதை ரத்தம் எடுக்கும் முன் அவளிடம் யாரும் சொல்லவில்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளிவந்தது. இந்தச் சோதனையையோ ஸ்கேனையோ ஆண்டுதோறும் செய்தும், சினைப்பைப் புற்றுநோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை குறையவில்லை.

எல்லாம் முடிந்தபின் நான் அவளிடம் கேட்டது ஒன்றே: "கருப்பைவாய்ப் பரிசோதனை எப்போது செய்துகொண்டாய்?" ஒருமுறைகூட இல்லை. அவள் காசு கொடுத்து வாங்கிய நீளமான பட்டியலில் அது இடம்பெறவே இல்லை.

அறிகுறி வருமுன் தேடுவதற்கு மிகவும் ஏற்ற புற்றுநோய் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான். இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸ் கிருமி தொற்றியபின் அது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அந்த இடைக்காலத்தில் மாறிவரும் திசுவைக் கண்ணால் பார்க்கலாம், உறைய வைத்தோ எரித்தோ நீக்கியும் விடலாம். நாங்கள் செய்துவந்தது மிக எளிய காரியம். பிறப்புறுப்பை விரித்துப் பார்க்க உதவும் ஸ்பெகுலம் என்ற கருவியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வைத்து, நல்ல வெளிச்சத்தில் கருப்பைவாயைப் பார்த்து, நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய சமையலறை வினிகரை, பஞ்சில் தோய்த்துத் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருப்போம். மாறுபட்ட திசு இருந்தால் அந்த இடம் பாலாடை படிந்ததுபோல வெளுக்கும். அந்த ஒரு நிமிடத்தில், படுத்திருக்கும் பெண் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். பிள்ளைகள் எந்த வகுப்பு, வீட்டில் மாடு எத்தனை என்று நான் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இந்த எளிய முறை உயிர் காக்கும் என்பதற்கு உலகம் மேற்கோள் காட்டும் ஆய்வுகளுள் ஒன்று எங்கள் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களிலேயே நடந்தது. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களை, பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை இப்படிப் பரிசோதித்ததில், அழைப்பு விடுக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-ல் முடிவு வெளியானது. மகாராஷ்டிரத்தில் இன்று தாராசிவ் எனப்படும் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரே ஒரு எச்.பி.வி. சோதனை இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது 2009-ல் தெரியவந்தது. இதிலும் வீண் பயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. திண்டுக்கல்லில் பத்தில் ஒருவருக்கு வெளுப்பு தெரிந்தது, அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. ஆனால், அந்தப் பயத்துக்குக் கைம்மாறாக அங்கே உயிர்கள் மிஞ்சின.

வாய்ப்புற்று விஷயத்தில் அதிகம் பேசத் தேவையில்லை. புகையிலை போடுகிறவர், புகைப்பவர், குடிப்பவர் ஆகியோரின் வாயை டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில் இத்தகையோரிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மார்பகம் அவ்வளவு நேரானதன்று. மும்பையில் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்ததால் ஐம்பது வயதைக் கடந்தோரிடம் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது, அதற்குக் குறைந்த வயதினரிடம் குறையவில்லை. ஆகவே முப்பது வயதுப் பெண்ணை ஆண்டுதோறும் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்கச் சொல்வதை, குடும்பத்தில் இளவயதில் பலருக்கு இந்நோய் வந்திருந்தாலன்றி, நான் ஏற்கமாட்டேன்.

"சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே, இதில் என்ன கெடுதல்?" என்று கேட்போர் தென்கொரியாவைப் பார்க்க வேண்டும். அங்கே மற்றப் பரிசோதனைகளுக்கு வந்தவர்களுக்குக் கூடுதலாகக் கழுத்து ஸ்கேனும் எடுக்கும் வழக்கம் பரவியதால், தைராய்டு புற்றுநோய் 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்காக 2011-ல் பதிவானது. இறப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயுள் முழுதும் தொந்தரவே செய்திராத சிறு கட்டிகளுக்காக ஆயிரக்கணக்கானோர் தைராய்டை இழந்து, காலமெல்லாம் மாத்திரை விழுங்குகிறார்கள். 'சீக்கிரம் கண்டுபிடித்தவர்கள் அதிக ஆண்டுகள் வாழ்கிறார்கள்' என்னும் விளம்பரக் கணக்கிலும் ஓட்டை உண்டு. 68 வயதில் இறக்கவிருந்த ஒருவரின் நோயை 65-ல் கண்டால் மூன்றாண்டு வாழ்ந்ததாகவும், 60-ல் கண்டால் எட்டாண்டு வாழ்ந்ததாகவும் எழுதுவார்கள். இறந்த வயது இரண்டிலும் 68-தான். இறப்பு குறைந்ததா என்று கேட்காமல் எந்தப் பரிசோதனையையும் மதிப்பிட முடியாது.

இவை அனைத்தும் அறிகுறி இல்லாதவர்களுக்கான பேச்சு. மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, மார்பில் கட்டி, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் ஆகியவை உள்ளவர்கள் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கருப்பைவாய்ப் பரிசோதனை ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழகத்தின் நிலை இதைவிட மேலானது என்றாலும், பரிசோதனைக்கு வந்தவர்களையே நாங்கள் வழியில் தவறவிட்டிருக்கிறோம். வெளுப்பு தெரிந்த பெண்ணிடம் கால்போஸ்கோப்பிக்கு, அதாவது கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுப்போம். இரண்டு பேருந்து மாறவேண்டும், ஒரு நாள் கூலி போகும், வீட்டில் என்ன காரணம் சொல்வது என்பது வேறு. அடுத்த முறை தடுப்பூசி முகாமில் பார்க்கும்போது சீட்டு அரிசி டப்பாவுக்குள் இருப்பதாகச் சொல்வாள். இலக்கு எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்பதாகவே இருந்தது. எத்தனை பேர் சிகிச்சை பெற்றார்கள் என்ற கணக்கையும் மாவட்டந்தோறும் அரசு வெளியிட வேண்டும். பெண்கள் தாங்களே மாதிரி எடுத்துத் தரக்கூடிய எச்.பி.வி. சோதனையை ஆரம்ப சுகாதார நிலையங்கள் அனைத்திலும் கொண்டுவந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுக்கும் அந்தச் சங்கடமும் குறையும். 35 வயதுக்குள் ஒருமுறை, 45 வயதுக்குள் மறுமுறை என்று இரண்டே தடவை செய்யும்படிதான் உலக சுகாதார நிறுவனமும் இலக்கு வைத்திருக்கிறது.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அத்தகைய விளம்பரங்களை நிறுத்தச் சொல்லும் உரிமை எனக்கில்லை. அவை வரும் பக்கத்திலேயே, கருப்பைவாய்ப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது என்ற இரண்டு வரியைப் பெட்டிச் செய்தியாகப் போட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.