தம்பிக்கு அம்மா எழுதுவது

தம்பிக்கு, நலம். முட்டி வலி அப்படியேதான். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

இங்கிலாந்தில் பிரெட்ஃபோர்டன் ஊரில் நீ எடுத்த ஃபிளீஸ் சத்திரத்துப் படங்களை மாடி வீட்டுப் பெண் பெரிதாக்கிக் காட்டினாள். பதினான்கு படம். ஒன்றிலும் மருமகள் இல்லை. அவள்தான் எடுத்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படியென்றால் நீயாவது ஒன்றில் நின்றிருப்பாய்.

கறுத்த மரச்சட்டம், நடுவில் வெள்ளைப் பூச்சு. குச்சி பின்னி, வைக்கோலும் சாணியும் மிதித்த மண்ணை அப்புவார்கள் என்று எழுதியிருந்தாயே, சிரித்துவிட்டேன். அப்பத்தா தொழுவத்துக்குச் செய்ததுதானே! 15ஆம் நூற்றாண்டில் பேர்ட் என்ற விவசாயி கட்டிய வீடு, மனுஷரும் மாடும் ஒரே கூரையில். 1848இல்தான் சத்திரமாம். 1977 வரை அதே குடும்பத்துக் கையில். கடைசியாக அந்தக் குடும்பத்து லோலா டாப்ளின், பழைய கட்டடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார், சிப்ஸ் விற்கக்கூடாது என்ற கண்டிப்போடு. அந்த அம்மாவை எனக்குப் பிடித்துவிட்டது. சத்திரம் என்று நீ எழுதினாலும் அங்கே என்ன ஊற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். தனியாக அங்கெல்லாம் உட்காராதே.

கணப்புக்கு முன்னால் கல்தரையில் அந்த வெள்ளை வட்டங்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். புகைபோக்கி வழியே சூனியக்காரி இறங்காமலிருக்கவாம். நாம் கோலம் போடுவது ஒருத்தி உள்ளே வர. அவர்கள் போட்டது ஒருத்தி வராமலிருக்க. மருமகளை ஒரு நாள் பேசச் சொல்.

2004இல் கூரை எரிந்தும் பழையபடியே எழுப்பிவிட்டார்களே. "நம்ம அப்பா கரையானுக்குப் பயந்து இடிச்சவர்" என்று எழுதியிருக்கிறாய். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி மறைத்து என்ன? கரையான் ஒரு தூணில்தான். மற்றப் பதினொன்றும் கல்லாட்டம் இருந்தன. பெரியம்மா வீடு மாதிரி மொசைக்கும் மாடியும் வேண்டுமென்று ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமலிருந்தவள் நான். காரைக்குடி வியாபாரி லாரியில் தூண்களை ஏற்றும்போது அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார். எண்ணிக் கொடுத்தது நான். நீ விடுதியிலிருந்து வந்து அவரைத் திட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. அவரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போன் செய், மருமகளிடமும் கொடு. கொடுக்க முடியாதென்றால் அதையாவது சொல்.

அம்மா