கன்று வேண்டாம், வேலிக் கதியால் தாருங்கள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு,

தம்பலகாமப் பக்கம் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாகக் கச்சானும் எள்ளும் சோளனும் போட்டு வந்த 6 ஏக்கர் மேட்டுக்காணி இப்போது எங்கள் குழுவின் பொறுப்பில் இருக்கிறது. விற்றிருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும். விற்கவில்லை. இந்த மாவட்டத்துக் காட்டு மரங்களுக்கு இலக்கமிட்டு, எப்போது பூக்கிறது, வருடம் எவ்வளவு பருக்கிறது என்று பதியும் ஆய்வு மரத்தோட்டமாக்கச் சொல்லித் தந்துவிட்டார்கள்.

உதாரணத்துக்குச் சவண்டலை மரத்தை எடுங்கள். வெள்ளைக்காரர் காலத்து மர வியாபாரத்தில் அதற்குப் பெயரே 'திருகோணமலை மரம்'. சென்னைக் கரையில் அலை கடந்து ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கும் அது போயிருக்கிறது. இன்று அதன் இலையைக் காட்டினால் எங்களில் எத்தனை பேர் பெயர் சொல்வோம்? முதிரை, கருங்காலிக்கும் இதே கதிதான். பாலை மட்டும் தப்பியது, பழத்தால். தின்றபின் உதடு ஒட்டுமே, அதை யார் மறப்பது!

கன்று நட்டுப் படம் எடுக்கப் பலர் கேட்கிறார்கள். சரி, மனம் பெரிதுதான். ஆனால் அது இப்போது தேவையில்லை. தம்புள்ளையில் சாம் போபம் என்ற ஆங்கிலேயர் 1963இல் தொடங்கிய மரத்தோட்டம் காட்டிய வழி வேறு: முட்பற்றையை மட்டும் வெட்டி, தானாக முளைத்த கன்றுகளை விட்டுவிட்டால் வறண்ட வலயக் காடு தானே திரும்பி வரும். எங்கள் காணியிலும் பழைய வரம்போரமாக வீரையும் பாலையும் முளைத்து நிற்கின்றன.

அவற்றைக் காப்பதுதான் பாடு. போன வருடம் கச்சான் காற்று என்கிற தென்மேற்குக் காற்று அடித்த நாட்களில் கட்டாக்காலி மாடுகள் ஓரிரவு புகுந்தன. விடிய நாங்கள் போய்ப் பார்த்தபோது கன்றுகள் இல்லை. இலக்கத் தகடுகள் மட்டும் குச்சிகளில் ஆடிக்கொண்டிருந்தன.

ஆகவே மாரி மழைக்கு முன் முள்ளுக்கம்பி வேலி வேண்டும். அப்புறம் ஒரு காவலாளிக்குச் சம்பளம், தூர்ந்த கிணற்றை இறைத்துக் கட்டும் செலவு. இவ்வளவுதான். ஒரு சுருள் கம்பியோ ஒரு தூணோ உங்கள் பெயரில் தரலாம். காசுக்கு வழியில்லாதவர்கள் வளவில் கிளுவை வெட்டும்போது, வேலிக்கு ஊன்றித் துளிர்க்கவிடும் தடியான கதியால் நாலு ஒதுக்கி வையுங்கள், நாங்களே வந்து ஏற்றிக்கொள்வோம். வெளிநாட்டில் உள்ளவர்கள் ஊரிலுள்ள சொந்தக்காரர் மூலம் தந்தால் போதும். பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்க மறக்க வேண்டாம். கணக்கு மாதாமாதம் கொட்டில் பலகையில் ஒட்டப்படும்.

காணியைப் பார்க்க ஞாயிறு காலையில் வாருங்கள். செருப்புப் போட்டு வாருங்கள், நெருஞ்சி அதிகம்.

இப்படிக்கு,
மரத்தோட்டக் குழுவினர்