நாடக, டிவி நகைச்சுவைக் கலைஞர்களின் கடிதங்களைக் காக்க நன்கொடை வேண்டுகிறோம்

அன்புடையீர், வணக்கம்.

போன வருஷம் திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டை அடுக்குமாடி கட்டக் கொடுத்தார்கள். பரணைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின் இறங்கியது. உள்ளே 142 கடிதங்கள். அந்த வீட்டுப் பெரியவர் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சபா (கலை நிகழ்ச்சிகள் நடத்தும் சங்கம்) நாடகங்களுக்கு நகைச்சுவை வசனம் எழுதியவர். அப்புறம் டிவிக்கும் எழுதினார். அவரோடு நடித்தவர்களும் மற்ற குழுக்காரர்களும் அவருக்குப் போட்ட இன்லண்ட் லெட்டர்களும் தபால் கார்டுகளும்தான் அவை. பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுக்க இருந்த கட்டின் மேல் வைத்திருந்த டின்னைப் பெரியவரின் மகள் ஒரு தடவை திறந்து பார்த்தார். அதனால் பிழைத்தது.

அவற்றில் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதியவர் வங்கி ஊழியர், நாக்பூருக்கு மாற்றலாகிப் போனவர். அவர் செய்துவந்த வேலைக்காரன் வேஷத்துக்கு ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். அவனுக்குச் சொல்லச் சொல்லி, நீல மையில், மடிப்பு ஓரம் வரைக்கும் நெருக்கி எழுதியிருக்கிறார். காபி டம்ளரைக் கீழே போட்டதும் வசனம் பேசிவிடக் கூடாதாம். சபை சிரிக்கும். சிரிப்பு உச்சிக்குப் போய் இறங்க ஆரம்பித்த பிறகு, முழுசாக அடங்குவதற்குள் பேச வேண்டுமாம். டிவிக்கு எடுக்கும்போது எதிரே ஜனம் இருக்காது, அங்கே காத்திருந்தால் வசனம் மறந்துபோன மாதிரி தெரியும், டம்ளர் சத்தத்தோடேயே பேசிவிடலாம் என்று அனுப்புநர் முகவரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறார். மேடை நகைச்சுவை டிவிக்குப் போனபோது என்ன மாறியது என்று யாராவது கேட்டால், இத்தகைய கடிதங்களைச் சேர்த்துவரும் நாங்கள் இந்த ஒரு தாளை எடுத்துக் காட்டுவோம்.

சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. சிரிக்க வைக்கிறவர்களைத் தேடி அது வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. ஒய்.ஜி. பார்த்தசாரதி 1952-ல் ஆரம்பித்த யுஏஏ (யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ்) நாடகக் குழு, சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், காத்தாடி ராமமூர்த்தி, மௌலி, விசு, எஸ்.வி. சேகர் என்று சபாக்களில் பெரிய பட்டாளமே இருந்தது. 1976-ல் சேகர் குழுவுக்கு ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ எழுதிய மோகன், அந்த நாடகத்தால் கிரேசி மோகன் ஆகி, 1979-ல் தனிக் குழு தொடங்கினார்.

சபா நாடகக்காரர்களில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். நாகேஷ் ரயில்வேயில் இருந்தார், கே. பாலசந்தர் ஏஜி ஆபீஸில் (அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகம்) இருந்தார், மோகன் பொறியாளர். ஆபீஸ் என்றால் மாற்றல் உண்டு. டெலிபோன் இருந்த வீடுகள் சொற்பம், ஒரு வசனத்தைப் பற்றிப் பேச வெளியூருக்கு டிரங்க் கால் போடுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. எண்பதுகளில் 15 காசுக்குக் கார்டு கிடைத்தது. பம்பாய்க்கோ டெல்லிக்கோ நாடகம் போட ரயில் ஏறும் முன், யாருக்கு லீவு கிடைத்தது, எந்த வேஷத்துக்கு யார் மாற்று, அந்த ஊர் ஜனத்துக்கு எந்த ஜோக் எட்டாது என்பதெல்லாம் தபாலில்தான் முடிவாகும். இரண்டு மணி நேர நாடகத்தை டிவிக்காகப் பாதியாக வெட்டும்போது எந்தச் சிரிப்பை விட்டுக்கொடுப்பது என்று ஒரு நடிகரும் வசனகர்த்தாவும் மாறி மாறி எழுதிய ஒன்பது கார்டுகள் எங்களிடம் உள்ளன. நேயர்கள் போட்ட கடிதங்களுக்குப் பதில் சொல்ல டிவியில் ‘எதிரொலி’ என்ற நிகழ்ச்சி இருந்தது. கலைஞர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதை வெளியார் யாரும் பார்த்ததில்லை. அன்று டிவிக்குப் பதிவான நாடகங்களிலும் பல இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

இதில் பெரிய சிரமம், கடிதம் ஒரு வீட்டிலும் அதற்கான பதில் இன்னொரு வீட்டிலும் இருப்பதுதான். திருவல்லிக்கேணி டின்னில் கேள்விகள் இருக்கின்றன. பதில்கள் நாக்பூரிலோ பம்பாய் மாதுங்காவிலோ யார் வீட்டு அலமாரியிலோ கிடக்கின்றன. மேலே சொன்ன ஒன்பது கார்டுகளில் ஐந்து மயிலாப்பூரிலும் நான்கு பெங்களூரிலும் கிடைத்தன. தேதி வாரியாக மேஜையில் பரப்பி வைத்தபோது இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவதுபோல் இருந்தது. அன்று எங்களில் ஒருவர் கண் கலங்கிவிட்டார். எழுதியவர்கள், பெற்றவர்கள் எல்லாருக்கும் இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் கடிதத்தில் வெறும் ‘குண்டு’ என்று வரும் ஆள் யார் என்பது தெரியும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் எங்கள் உறுப்பினர் ஒருவரின் டிரங்குப் பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் கிடந்தது. பேனா மையில் எழுதியவை எல்லாம் நீலக் கறையாகிவிட்டன. பால்பாயிண்டில் எழுதிய பதினோரு கடிதங்கள் மட்டும் தப்பின. வெள்ளமே வராவிட்டாலும் இராமபாணப் பூச்சி இருக்கிறது, துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருக்கிறது. நல்ல எண்ணத்தில் ஒட்டிய செல்லோ டேப்பும் நாளடைவில் பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். வீட்டில் பழைய கடிதம் இருந்தால் தயவுசெய்து லேமினேட் செய்ய வேண்டாம், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது.

இதுவரை 11 வீடுகளிலிருந்து 640 கடிதங்கள் சேர்ந்திருக்கின்றன. அடுத்த ஒரு வருஷ வேலைக்கு ரூ.3,20,000 தேவை. ஸ்கேனருக்கும் கணினிக்கும் 95,000. அமிலமில்லாத காகித உறைகள், பெட்டிகளுக்கு 60,000. ஸ்கேன் செய்து பட்டியல் போட அரைநாள் வேலைக்கு ஓர் ஆள், மாதம் 10,000 வீதம் 1,20,000. வெளியூர் வீடுகளுக்குப் போய்வர 45,000. உறுப்பினர்கள் நாங்கள் ரூ.1,10,000 போட்டிருக்கிறோம். மீதி ரூ.2,10,000-க்குத்தான் உங்கள் முன் நிற்கிறோம். ஐந்நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிய உதவிதான். எல்லாத் தொகைக்கும் ரசீது உண்டு. நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி அனுமதி இன்னும் வாங்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வரவு செலவு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நன்கொடையாளர்கள் எல்லாருக்கும் வந்துசேரும்.

சில குடும்பங்கள் தயங்குகின்றன, அது நியாயமும்கூட. கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கும், அவர் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கும் உரியது. ஆகவே இரண்டு பக்கத்தாரும் சம்மதிக்காமல் எதையும் வெளியிட மாட்டோம். கடன், நோய், வீட்டுச் சண்டை பற்றிய கடிதங்களைத் தனிப் பெட்டியில் மூடியே வைப்போம். அசலைத் திருப்பிக் கேட்பவர்களுக்கு ஸ்கேன் முடிந்த அன்றே திருப்பித் தருவோம்.

பணமாகவோ காசோலையாகவோ குழு உறுப்பினர் யாரிடமும் கொடுக்கலாம். கடிதங்கள் வைத்திருப்பவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீட்டுக்கே வருகிறோம். நூல் போட்டுக் கட்டியிருந்தால் கட்டை அவிழ்க்காதீர்கள். எந்தக் கடிதத்துக்கு அடுத்து எது இருந்தது என்பதும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கடிதத் தொகுப்புக் குழுவினர்,
சென்னை